சுமையோடு ஏறுகிறவருக்கு வழி

மொட்டைமலையில் காடு மேலே ஏறத் தொடங்கிய அன்று நாங்கள் செய்த முதல் காரியம், ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டதுதான்.

வேறென்ன செய்திருக்க முடியும்? பழனி மலைகளின் ஒரு மூலையில், மினிபஸ் வந்து மூச்சு வாங்கித் திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது. அங்கே சட்டம் என்று ஒன்று இருந்தால் அது இது மட்டும்தான்: சுமையோடு ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். ரோடு வராத காலத்தில் உப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் தலையிலேறி வந்த பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஏறுகிறவர் பாதியில் நின்றால் மறுபடி கால் எழாது. ஆகவே இறங்குகிறவர், கலெக்டரே ஆனாலும், தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையே ஆனாலும், பாறைப்பக்கம் ஒதுங்கி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஏறுகிறவர் தாண்டிப் போகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறுகிறவருக்கு இந்த மரியாதை கிடையாது. ஒருமுறை பிணத்தை இறக்கிக்கொண்டு வந்தவர்கள், கேஸ் சிலிண்டரோடு ஏறியவருக்காகப் பாடையோடு ஒதுங்கி நின்றார்கள். பாடையில் இருந்தவர் உயிரோடு இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் மஞ்சு இறங்கியிருந்தது. மலைக்காரர்கள் நாங்கள் மூடுபனியை மஞ்சு என்போம். உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் ஊராட்சித் தலைவர் மச்சக்காளை. எதிரே வெள்ளைக்குள்ளிருந்து ஏதோ பெரியதாக, நிதானமாக, ஈர மண்ணும் பச்சிலையும் மணக்க ஏறி வருவது தெரிந்தது. மச்சக்காளை யாரென்று கேட்கவில்லை. பாறையோடு ஒதுங்கிக் காலைச் சேர்த்து நின்றார். அவர் பின்னால் நாங்களும் நின்றோம்; வெளியூரில் பாதி ஆயுளைப் போக்கிவிட்டு அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்த என் கால்களும் கேட்காமலே சேர்ந்துகொண்டன. வேர்கள் சரளையில் உரசுகிற சத்தம் எங்களைத் தாண்டிப் போயிற்று. மஞ்சு விலகியபோது, நேற்றுவரை ஓடையோரத்தில் நின்ற காட்டு நாவல் மரம் எங்களுக்கு மேலே, கேரட் பாத்தி நடுவில், ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றது.

"மரமில்லையா அது?" என்றார் யாரோ.

"மரமா இருந்தா என்னய்யா? கிளையில தேன்கூடு, குருவிக்கூடு, கழுத்து மட்டும் பாசி. குடும்பத்தையே தூக்கிக்கிட்டு ஏறுது," என்றார் மச்சக்காளை. "சுமையோட போறவுகளுக்கு வழி விடாம, அடையாள அட்டையா கேட்கச் சொல்ற?"

காரணத்தைப் பற்றி ஊரில் அதிகம் பேச்சில்லை. மார்கழி விடிகாலையில் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல உறைபனி கிடந்த காலம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பனி மரக்கன்றைக் கருக்கும், புல்லை ஒன்றும் செய்யாது. மலையுச்சியைப் புல்லுக்கென்று காவல் காத்தது அதுதான். பிறகு அது வருகிற நாள் குறைந்தது, வந்தாலும் வெயில் ஏறுமுன் கிளம்பிப் போனது, கடைசியில், ஓய்வு பெற்ற வாட்ச்மேன் போல, சொல்லாமல் கொள்ளாமல் வராமலே நின்றுவிட்டது. கீழே புழுங்குகிறது, மேலே காவல் இல்லை. மரங்கள் எங்களைவிட மெதுவாக யோசிக்கிறவை என்றாலும் யோசிக்காதவை அல்ல.

ஆகவே காடு ஏறியது, ஊர் பழகிக்கொண்டது. மஞ்சு இருக்கும்போது மட்டும் மரங்கள் நடக்கும், விலகினால் வாத்தியார் திரும்பிப் பார்த்த வகுப்பு போலச் சிலையாகிவிடும் என்பது சீக்கிரமே எல்லோருக்கும் புரிந்தது. அடுப்பு எரிகிற இடத்தில் அவை கால் வைப்பதில்லை என்பதும் புரிந்தது; எத்தனை பெரிய மரமானாலும் தீயின் வாசனைக்கு ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகும். அதனால் சமையற்கட்டு உள்ள வீடுகள் தப்பின. சமைக்க அலுத்துக்கொண்டு ஓட்டலில் வாங்கித் தின்கிறவன் என்று பேர் வாங்கிய ஒருவனுடைய முன்னறையில் ஒரு விக்கி மரம் வந்து நின்றதும், ஊரில் எல்லோரும் மூன்று வேளையும் ஒழுங்காகச் சமைக்கத் தொடங்கினார்கள். மாட்டை மரத்தில் கட்டக்கூடாது என்று ஊராட்சி தண்டோரா போட்டது, ஏனென்றால் கட்டிய மாடுகள் சாயங்காலம் மேட்டு நிலத்தில், கோபமாக, வேறொருவர் பூண்டுக்காட்டில் நின்றன. துணி காயப்போட்ட கொடி மரத்தோடு ஏறிப்போய், ஒரு வீட்டுச் சேலை இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க, அதனால் கிளம்பிய சந்தேகங்களும், அந்தச் சந்தேகங்களில் சில உண்மையாகப் போனதும் தனிக்கதை.

எங்களையெல்லாம்விட அதிகம் பாடுபட்டவர் வனவர் இருதயராஜ்தான். திசையன்விளைப் பக்கத்து மனிதர். தேரி மணலில் வளர்ந்தவருக்கு மலையே ஒரு ஆச்சரியம், அதிலும் காடு நடக்கிற மலை. 'காப்புக்காடு. அத்துமீறி நுழையாதீர்' என்ற பச்சைப் பலகையைக் காட்டின் ஓரத்தில் நட்டுவைப்பது அவர் பொறுப்பு. அவர் நட்டுவிட்டுப் போவார். காடு பலகையைத் தாண்டிப் போய்விடும். மறுவாரம் அவர் வந்து பிடுங்கி மேலே நடுவார். பிறகு நடுவதையே விட்டுவிட்டுப் பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு காட்டுக்குப் பின்னாலேயே நடக்கத் தொடங்கினார்.

"ஏன் சார், நுழைஞ்சது யாரு, நாங்களா அதுகளா?" என்று கேட்டார் மச்சக்காளை.

"அதத்தான் நானும் மேலே எழுதிக் கேட்டிருக்கேன்," என்றார் வனவர். "மரம் நகரலாமான்னு விதி எதுவும் இல்லைன்னு பதில் வந்திருக்கு. நகரக்கூடாதுன்னும் இல்லையாம்."

மரங்களோடு மற்றவையும் வந்தன. புதருக்குள் ஒளிந்து சிரிக்கிற சிரிப்பான் குருவி இப்போது பால் சொசைட்டி வாசலில் சிரித்தது. பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று மீட்டர் விட்டுப் பார்க்கிற நேரத்தில் சரியாகச் சிரித்ததால் சொசைட்டிக்காரர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. பள்ளத்தாக்கிலேயே நின்றுவிடும் மயில் மலையேறி வந்து, விடிவதற்குமுன் யாரையோ கொல்கிறாற்போலக் கத்தியது. முருகன் வாகனம் என்பதால் யாரும் கல்லெறிய முடியவில்லை, மனதுக்குள் எறிந்தார்கள். கொசு வந்தது. கொசு என்றால் என்னவென்று பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துப் பார்க்கத் துரத்தினார்கள். கொசுவுக்குப் பின்னால் ஃபேன் வந்தது. கம்பளி விற்ற கடையில் ஃபேன் தொங்கிய அன்று ஊரே போய் அதன் கீழ் முறை வைத்து நின்றது. இவற்றையெல்லாம் நாங்கள் நஷ்டமென்று நினைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கீழ்ச்சரிவிலிருந்து ஒரு மாமரம் காய்களோடு ரேஷன் கடைப் பக்கம் வந்து சேர்ந்தபோது, மலைப்பூண்டு போட்டு ஊறுகாய் போடலாமா கூடாதா என்பதுதான் ஊரின் பெரிய விவாதமாக இருந்தது.

உச்சியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. உச்சியில் தெய்வானை இருந்தாள்.

மொட்டைமலைக்கு அந்தப் பேர் வந்ததே உச்சியால்தான். ஊருக்கு மேலே மரமே இல்லாமல், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை போல, பொன்னிறப் புல் மூடிய வட்ட மேடு. அதன் நட்டநடுவில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. அதில் தெய்வானை என்கிற ஐம்பது வயதுக்காரி. சுற்றுலாக்காரர்கள் வியூ பாயிண்ட் என்று சொல்லிக்கொண்டு ஏறி வருவார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "வியூ இலவசம், சீனி தூக்கலா வேணும்னா சொல்லுங்க," என்பாள். கடையைச் சுற்றிப் புல்லில் வரையாடுகள் மேயும். பறப்பதற்குச் சோம்பல்பட்டு ஓடியே காலம் தள்ளுகிற நெட்டைக்காலிக் குருவி ஒரு ஜோடி, கடைக்குப் பின்னால் புல் தூருக்குள் கூடு கட்டும். அவை இரண்டும் அந்தப் புல்லைத் தவிர வேறெங்கும் குடியிருக்கத் தெரியாதவை. தெய்வானையும் அப்படித்தான். அதற்குக் காரணம் ஒரு பலாப்பழம்.

மலையின் அடிச்சரிவில் கீழ்வளவு என்று ஒரு குடியிருப்பு. காப்பியும் வாழையும் பலாவும் விளைகிற இடம். தெய்வானை வாழவந்த வீடு அங்கேதான். வந்த புதிதில், விருந்தாளிகள் நிறைந்த முற்றத்தில், வீட்டுப் பலாவின் முதல் பழத்தை அவள் தட்டிப் பார்த்து, "பழுத்திருச்சு," என்றாள். வெட்டினார்கள். காய். நாத்தனார் பேச்சியம்மா சிரித்தாள். அன்று சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், களை பறித்த இடத்தில், வளைகாப்பில், எழவு வீட்டில், எங்கள் வீட்டு மருமகளுக்குக் காயும் தெரியாது பழமும் தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் தெய்வானை எரிகிற அடுப்பின்மேல் கைநீட்டிச் சத்தியம் செய்தாள்: "நான் உச்சிக்குப் போறேன். உங்க பலாமரம் மலையேறி வந்து, என் வாசல்ல நின்னு கூப்பிட்டா, அன்னைக்கு இறங்கி வந்து இந்த வீட்டுல இருக்கேன். அதுவரைக்கும் இறங்கமாட்டேன்." புருஷனும் பின்னாலேயே ஏறிப்போனார், இரண்டு பெண்களுக்கும் நடுவில் குரலை உயர்த்தாமல் வாழ்ந்து, குரலை உயர்த்தாமலே செத்துப்போனார். அந்தச் சாவுக்குப் பேச்சியம்மா மேலே வந்தாள், தம்பியின் தலைமாட்டில் விழுந்து அழுதாள், தெய்வானையோடு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போனாள்.

நடக்கவே நடக்காது என்பதற்காகச் செய்த சத்தியம் அது. இப்போது ஒரு நாள் மினிபஸ் டிரைவர் வந்து, "அக்கா, கீழ்வளவுல உங்க வீட்டுப் பலா கிளம்பிருச்சு," என்றார்.

தெய்வானையின் கையிலிருந்த டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றாள்.

"பம்ப்செட் தாண்டியாச்சு. பேச்சியம்மா பெரியம்மா கூடவே வருது, காயை எவனும் பறிச்சுறக்கூடாதுன்னு."

அதற்குள் உச்சியின் கதையும் மோசமாகியிருந்தது. மேலே வர வர மலை குறுகுமென்பது மலையேறிய எல்லோருக்கும் தெரியும், மரங்களுக்கு மட்டும் தெரியவில்லை. நான்கு பக்கமிருந்தும் அவை ஏறிவர, புல்வெளி ஈரத்துணி சுருங்குவதுபோல உச்சியை நோக்கிச் சுருங்கியது. முதலில் சோலை மரங்கள் வந்தன, அவற்றுக்குப் பின்னால், யாரோ எப்போதோ கப்பலில் கொண்டுவந்து நட்ட, வாட்டில் என்கிற சீகை மரங்கள், டிக்கெட் எடுக்காதவர்களுக்கே உரிய அவசரத்தோடு, சோலை மரங்களையும் முந்திக்கொண்டு வந்தன. சுற்றுலாக்காரர்கள் ஏறிவந்து, "வியூ எங்கேங்க?" என்று கேட்டார்கள். "ஏறி வந்துக்கிட்டே இருக்கு, கொஞ்ச நேரம் உட்காருங்க," என்றாள் தெய்வானை.

கடைசியில் புல்லுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. ஒரு மஞ்சு நாளில் அது தூர் தூராகக் கழன்று, தெய்வானையின் கடைச் சுவரைப் பிடித்து ஏறி, தகரக் கூரைமேல் போய் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. மலையில் அதைவிட உயரமான இடம் வேறில்லையே. நெட்டைக்காலி ஜோடியும் பின்னாலேயே ஏறி, கூரைப் புல்லில் கூடு வைத்தது. வரையாடுகள் பெரும்பாலும் எதிர்மலைக்குப் போய்விட்டன. ஒரு கிழட்டுப் பெட்டை மட்டும் போகமாட்டேன் என்று கூரைமேல் குதித்து ஏறிப் படுத்துக்கொண்டது. அது புரண்டு படுத்தால் கடைக்குள் இடி இடித்தது. "சும்மா கெட," என்று தெய்வானை கரண்டியால் உட்பக்கமிருந்து ஒரு தட்டுத் தட்டுவாள்.

மரங்கள் கடையை நெருங்கி நான்கு புறமும் தோள் உரச நின்றன, ஆனால் வாசலில் கால் வைக்கவில்லை. உள்ளே தெய்வானையின் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பு அணைந்தால் அடுத்த மஞ்சில் கூரையும் இல்லை, கூரைமேல் புல்லும் இல்லை, குருவியும் இல்லை.

ஊர் கூடியது. புது ஃபேனுக்குக் கீழே கூடியதால் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"பலா வந்து கூப்பிட்டா அவ இறங்கித்தான ஆகணும்? அடுப்புமேல சத்தியம் பண்ணியிருக்கா," என்றார் மச்சக்காளை. "அந்தச் சத்தியத்தை மீறினா அவ மூட்டுற அடுப்புக்கு என்னய்யா மதிப்பு? மரம் அதுக்கப்புறம் பயப்படுமா?"

"அடுப்பை நாம யாராவது பார்த்துக்கலாமே."

"நீ போய்ப் பத்தவச்சுப் பாரு." மச்சக்காளை தன் நெற்றியைக் காட்டினார். அங்கே புருவங்கள் இல்லை. உச்சிக் காற்றில் அந்த அடுப்பு தெய்வானை ஊதினால்தான் பிடிக்கும். வேறு யார் ஊதினாலும் திருப்பி ஊதும். அவர் முந்தின நாள் போய் முயன்று பார்த்திருந்தார்.

"மரத்தை மறிச்சு நிறுத்துவோம்," என்றது ஒரு குரல். கூட்டம் அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்தது. சுமையோடு ஏறுவதை மறிப்பதா? குரல் நாற்காலிக்குள் சுருங்கிக்கொண்டது.

"சார், புல்லும் காட்டுல சேர்த்திதான?" என்று வனவரிடம் திரும்பினார் மச்சக்காளை. "அதுக்கும் ஒரு பலகை வச்சு, மரம் அத்துமீறி நுழையாதீர்னு எழுதிப்பிடுங்களேன்."

இருதயராஜ் மடியிலிருந்த பலகையை வருத்தத்தோடு தடவினார். "புல்லுக்கு எங்ககிட்ட பலகை கிடையாதுங்க. எங்க கணக்குல புல்வெளின்னா, மரம் இன்னும் வராத இடம். வந்துட்டா சந்தோஷப்படணும்."

வெளியே சிரிப்பான் குருவி சிரித்தது. யாரும் ரசிக்கவில்லை.

பலா பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. கோயில் வளைவைத் தாண்டியது. அது மற்ற மரங்கள் போலில்லை. நிறைமாதக்காரி போல இடுப்பில் காய்களைத் தாங்கிக்கொண்டு, நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறியது. அதற்குப் பின்னால், எழுபதை நெருங்கும் பேச்சியம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எட்டு வையி, எட்டு வையி, வாசல் தெரியுது பாரு," என்று அதட்டிக்கொண்டு வந்தாள். தலைமுறை கடந்த ஒரு சண்டையில் ஜெயிக்கப்போகிறவளின் நடை அது. நாங்கள் ஒதுங்கிக் காலைச் சேர்த்து நின்று, பிறகு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் போவதுபோலப் பின்னால் போனோம்.

மஞ்சு விலகியபோது பலா, மரங்களின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தெய்வானையின் வாசலுக்கு எதிரே நின்றது.

பேச்சியம்மா தெய்வானையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தாள். "ஏ பலா, வந்தாச்சுன்னு சொல்லு. வாக்குக் குடுத்தவுகளுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

தெய்வானையும் மரத்தைப் பார்த்தாள். "ஏ பலா, நின்னா மட்டும் போதாது, கூப்பிடணும்னு சொல்லியிருந்தேன். கூடவந்தவுகதான் கத்துறாக, மரம் வாயைத் திறக்கலையேன்னு சொல்லு."

அந்த நேரம் பார்த்து, ஒரு காம்பு இற்று, ஒரு பழம் அவள் வாசற்படியில் தொப்பென்று விழுந்தது. கூரைமேல் வரையாடு எழுந்து நின்றது.

"கூப்பிட்டாச்சு," என்றார் மச்சக்காளை, அதைச் சொல்ல நேர்ந்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டு.

"தட்டிப் பார்க்கச் சொல்லு," என்றாள் பேச்சியம்மா மரத்திடம். "காயா பழமான்னு இப்பவாவது தெரியுதான்னு பார்ப்போம்."

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பழத்தின்மேல் விரல் மடக்கித் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். இன்னொரு தட்டு. நாங்கள் எல்லோருமே மனதுக்குள் தட்டிக்கொண்டிருந்தோம். "பழம்," என்றாள்.

கத்தியில் எண்ணெய் தடவி மச்சக்காளை பிளந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பால் கொட்டியது. காயிலும் காய், அவியலுக்குக்கூட இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம் என்கிற காய். தெய்வானையின் முகம் விழுவதை நாங்கள் பார்த்தோம். அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் சேர்த்துப் பேச்சியம்மா இனி சிரிப்பாள், கீழ்வளவு வரைக்கும் கேட்கும்படி சிரிப்பாள் என்று காத்திருந்தோம்.

பேச்சியம்மா குனிந்தாள். ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். உதடுகள் பாலில் ஒட்டிக்கொண்டன. விரலால் பிரித்துவிட்டு மறுபடி மென்றாள். கஷ்டப்பட்டு விழுங்கினாள். பிறகு, அத்தனை வருஷத்துக்கப்புறம், மரத்தைப் பார்க்காமல், ஆளைப் பார்த்துச் சொன்னாள்:

"பழந்தான், தெய்வானை. தேனா இனிக்குது."

தெய்வானை எழுந்தாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வாயைக் கொப்பளிங்க, மதினி. பால் இழுத்துப் பிடிச்சுக்கும்."

ஆனால் சத்தியம் சத்தியம்தான். தெய்வானை ஒரு துணி மூட்டை கட்டினாள். இருந்த விறகையெல்லாம் அடுப்பில் திணித்தாள். எத்தனை திணித்தாலும் ஒரு ராத்திரிக்குமேல் தாங்காது. கூரையை அண்ணாந்து பார்த்து, "பத்திரமா இருங்க," என்றாள். நெட்டைக்காலி புல்லுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. கீழிருந்து மஞ்சு மறுபடி எழும்பத் தொடங்கியிருந்தது. சுற்றி நின்ற மரங்கள், பஸ் நிற்குமுன்பே ஸீட்டுக்குத் துண்டு போடுகிறவர்கள் போல, லேசாக வேரைத் தூக்கின.

பேச்சியம்மா முன்னால் இறங்கினாள், தெய்வானை பின்னால். உச்சியிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை கடையின் பக்கவாட்டு ஜன்னலை ஒட்டித்தான் தொடங்குகிறது. தெய்வானை அந்த ஜன்னலைத் தாண்டவில்லை, அதற்குள் பேச்சியம்மா முதல் வளைவில் நின்றுவிட்டாள். திரும்பி மேலே பார்த்தாள். கூரைப்புல்லைப் பார்த்தாள், அந்தக் கிழட்டு ஆட்டைப் பார்த்தாள், தன் பலாவைப் பார்த்தாள். பலா வேறு பக்கம் பார்த்தது. ஜன்னலுக்குள் எரிகிற அடுப்பைப் பார்த்தாள். பிறகு முனகிக்கொண்டே குனிந்து, பாதையோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்து, முந்தானையைச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஏறத் தொடங்கினாள்.

"வழி," என்றாள்.

தெய்வானைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மதினி இது?"

"சுமை. கண்ணு தெரியலையா? ஏறுறவளுக்கு வழி விடு."

தெய்வானையின் கால்கள் அவளைக் கேட்கவில்லை. பாறைப்பக்கம் ஒதுங்கினாள், பாறைப்பக்கம் என்றால் அங்கே கடையின் ஜன்னல்தான், முதுகை ஜன்னலில் சாய்த்து, காலைச் சேர்த்து நின்றாள். பேச்சியம்மா அவளைத் தாண்டி ஏறி, கடையின் சுவரோரம் கல்லைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு இறங்கினாள். தெய்வானை ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள். அதற்குள் சரிவு வழியே கீழே இறங்கிவிட்ட மச்சக்காளை எதிரே, புருவமில்லாத முகத்துக்கு மேல் ஒரு பெரிய கல்லோடு, "வழி, வழி," என்று வந்தார். அவருக்குப் பின்னால் மினிபஸ் டிரைவர். அவருக்குப் பின்னால் இருதயராஜ், தோளில் பலகையோடு.

"சார், நீங்களுமா?" என்றாள் தெய்வானை.

"பலகையும் சுமைதாம்மா," என்றார் அவர். "இத்தனை நாள் எனக்குத் தெரியாதா அது?"

அவருக்குப் பின்னால் நாங்கள். மஞ்சு வந்து மூடியது; வெள்ளைக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக நாங்கள் ஏறிக்கொண்டே இருந்தோம். தெய்வானை ஒதுங்கி நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டு, அடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு விறகை உள்ளே தள்ளினாள். மரங்கள் தூக்கிய வேரை மெதுவாகக் கீழே வைத்தன.

அன்றிலிருந்து தெய்வானை இறங்கிக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஜன்னலோரம் வருவதற்குள் எங்களில் யாராவது கல்லோடு எதிர்ப்படுகிறோம். ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். சாயங்காலம் கடைசிச் சுமை ஏறி முடிப்பதற்குள் இருட்டிவிடும். இருட்டில் யாரும் மலையிறங்குவதில்லை. ஆகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறாள். சத்தியத்தை அவள் மீறவில்லை. சட்டத்தை நாங்கள் மீறவில்லை. ஏறி வருகிற சுற்றுலாக்காரர்களிடம் ஜன்னலுக்குள் கைவிட்டு டீ ஊற்றிக் கொடுத்து, "நான் கிளம்பிட்டேன், கடை இல்லை, இது கடைசி டீ," என்கிறாள். தினமும் நல்ல வியாபாரம்.

நாங்கள் போட்ட கற்கள் கடையைச் சுற்றி மேடாகி, மேட்டின்மேல் கூரையிலிருந்து புல் இறங்கிப் பரவத் தொடங்கியிருக்கிறது. நெட்டைக்காலிக்குக் குஞ்சுகள் உண்டு. பறக்கத் தெரியுமுன்பே ஓடத் தெரிந்துவிட்டன. மொட்டைமலை இப்போது முழங்கால் அளவு உயர்ந்திருக்கிறது என்று மச்சக்காளை எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். மரங்களும் அதைக் கவனித்துவிட்டன என்று இருதயராஜ் சொல்கிறார். அதனால் சின்னக் கல்லாக எடுக்கிறவர்களை இப்போது ஊர் மதிப்பதில்லை.

இன்று என் வீட்டு முறை. மஞ்சுக்குள், இரண்டு சீகை மரங்களுக்கும் பேச்சியம்மாவுக்கும் நடுவில் ஏறினேன். முறை யாருடையதாக இருந்தாலும் பேச்சியம்மா ஒரு நடை வருவாள். மடியில் ஒரு பழம் இருக்கும். தெய்வானை தட்டிப் பார்த்து ஏதாவது சொல்வாள். எதைச் சொன்னாலும் அது சரிதான் என்று ஆகிவிட்டது. தெய்வானை ஜன்னலோரம், மூட்டை இடுப்பில், கரண்டி கையில், காலைச் சேர்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னும் இறங்கலையா நீ?" என்றாள் பேச்சியம்மா, தலைச்சுமையோடு மூச்சிரைக்க.

"இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன், மதினி," என்றாள் தெய்வானை. "நீங்க முதல்ல ஏறுங்க."